நாற்பத்து மூன்றாவது வெளிச்சம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. என்னை நம்பலாம். நிறையப் படித்த ஒருவர் பதினோரு மாதம் ஏமாந்துகொண்டே இருப்பார். கடைசியில் அவருக்கு விளங்கும். அப்போது சிரிக்கலாம்.

இப்போது சிரிக்கக் கூடாது. இப்போது தண்ணீர்.

அந்தமான் பக்கத்துக் கடல். இரண்டரை கிலோமீட்டர் ஆழம். சூரியன் எட்டிப் பார்க்காத இருட்டு. அந்த இருட்டில் இருபது வடங்கள் கடல்தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு வடத்திலும் பதினெட்டுக் கண்ணாடிக் கோளங்கள், நாரில் பூக் கட்டியது மாதிரி. அதனால் சரம் என்று பெயர். ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் ஒரு மின்கண்.

இது ஒரு தொலைநோக்கி. ஆனால் வானத்தை அண்ணாந்து பார்க்காது. பூமியைக் குனிந்து பார்க்கும்.

நியூட்ரினோ என்று ஒரு துகள். பூமியின் அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வெளியே வரும், யார் மேலும் இடிக்காமல். தேர்த் திருவிழாவில் அப்படி நடந்து காட்டுகிற ஓர் ஆளைக் கொண்டுவாருங்கள் பார்க்கலாம். கோடானுகோடியில் ஒன்று தண்ணீரில் இடறும். இடறினால் ஒரு நீலக் கோடு மின்னும். கண்கள் குறித்துக்கொள்ளும்.

அதே கண்கள் வேறு சிலருக்காகவும் விழித்திருக்கின்றன. இதுவரை யாரும் பார்த்திராத விருந்தாளிகளுக்காக.

அப்படி ஒரு விருந்தாளியைத் தேடித்தான் பேராசிரியர் திருமேனிநாதன் அங்கே வந்தார்.

காந்தத்தை எங்கே உடைத்தாலும் துண்டுக்கு இரண்டு முனை இருக்கும். வடக்கு மட்டும், தெற்கு மட்டும் என்று தனியாக ஒன்று கிடையாது. கிடையாதா, இன்னும் கிடைக்கவில்லையா? இன்னும் கிடைக்கவில்லை என்று இருபத்தாறு வருடம் கணக்குப் போட்டவர் அவர். ஒற்றைமுனை என்று அந்தத் துகளுக்குப் பெயர். மெதுவாக வரும், பூமியைத் துளைத்து வரும், போகிற வழியில் அணுக்களைச் சீண்டிச் சின்னச் சின்னப் பொறி கிளப்பும் என்பதெல்லாம் அவர் கணக்கு.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் எங்கோ ஒரு சுரங்கத்தில் ஒரு கருவி துடித்தது. என் ஒற்றைமுனைதான் அது என்று மேடை ஏறிச் சொல்லிவிட்டார். மறுமாதம் உண்மை தெரிந்தது. பக்கத்து அறையில் ஏசி நின்று நின்று ஓடியிருக்கிறது.

அதன்பிறகு எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

“சார், ஏசி ஓடுதா?”

நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. இது பின்வரிசைக்காரர்களின் சிரிப்பு. அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஐம்பத்து இரண்டு வயதில் அவர் கணக்கை மூடி வைத்தார். பார்க்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். கரையில் இருந்த அந்த நிலையத்துக்கு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்து எட்டு.

டாக்டர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். சரங்களில் பாதியைத் தன் கையால் கடலில் இறக்கியவர். அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசினால் அன்றைக்கு நிலையத்தில் ஏதோ விசேஷம் என்று அர்த்தம்.

ஜனவரியில் ஒரு நாள். மதியம். கடற்கரையில் சரக்குக் கப்பல் புறப்படத் தயாராக நின்றது. சாப்பாட்டு மேசையில் மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேராசிரியர் எதிரே வந்து நின்றார்.

“மேடம், எனக்கு ஒரு வினா உண்டு.”

“சொல்லுங்க சார்.”

“பொய் வந்து உண்மையைப் போல என் முன்னால் நின்றால் நான் ஏமாறமாட்டேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உண்மையே வந்து நின்றால் அதை நான் அறிந்துகொள்வேன் என்பதற்குத்தான் என்ன உத்தரவாதம்?”

(இதை நிதானமாக, ஒவ்வொரு உத்தரவாதத்துக்கும் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை ஏற்றிவிட்டுப் படிக்கவும். அவர் எப்போதும் இப்படித்தான். சாம்பாருக்கு உப்பு கேட்டாலும் முன்னுரை உண்டு.)

மேடம் எழுதுவதை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நிமிடம் எழுதினார். தாளை நான்காக மடித்தார்.

“பாய், ஒரு உறை குடுங்க.”

அபுசாலி பாய் உறை கொடுத்தார். அவர்தான் வடங்களையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்கிறவர். கீழக்கரையில் பிறந்து முப்பது வருடம் படகில் இருந்தவர். அறைக்குள் காற்று அடிப்பதில்லை என்பதை அவர் தொண்டை இன்னும் நம்பவில்லை.

“உறைக்குள்ள என்ன மேடம்!”

மேடம் உறையை ஒட்டினார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டுக்கூடத்துக் குளிர்ப்பெட்டியின் கதவில் வைத்து, மேலே ஒரு காந்தத்தை ஒட்டினார். பாதி உடைந்த காந்தம். அப்போதும் அதற்கு இரண்டு முனைதான்.

“டிசம்பர்ல திறக்கலாம்.”

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. பெரிய ஆய்வுக்கூடங்களில் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். தலைமையில் இருப்பவர் ரகசியமாக ஒரு போலி வெளிச்சத்தை உள்ளே நுழைத்துவிடுவார். தேடுகிறவர்கள் அதைப் பிடிக்கிறார்களா, அதனிடம் மயங்குகிறார்களா என்று பார்ப்பார். எது போலி என்பது உறைக்குள் இருக்கும்.

“புரிந்தது, மேடம். இந்த ஆண்டுத் தரவுக்குள் தங்கள் கைவண்ணத்தில் ஒரு போலி ஒளிந்திருக்கப் போகிறது. நான் அதை அடையாளம் காணவேண்டும். அப்படித்தானே?”

“தேடுங்க சார்.”

வெளியே கப்பல் ஊதியது. புறப்பட்டுப் போனது.

பிப்ரவரியில் கப்பல் திரும்பி வந்தது. அதில் காப்பித்தூள் இல்லை. தீப்பெட்டியும் இல்லை. அபுசாலி பாய் கப்பல்காரர்களைத் திட்டியது எதிர்க்கரைக்கே கேட்டிருக்கும். அடுத்த கப்பல் வரும்வரை நிலையமே தலைவலியோடு அலைந்தது. மேடம் வெந்நீர் குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேராசிரியர் தேட ஆரம்பித்தார்.

வருடம் முழுவதும் கண்கள் பார்ப்பதில் பெரும்பகுதி குப்பை. கடல் உப்பே மினுக்கும். மீன் மினுக்கும். பெயர் தெரியாத சொறிமுட்டை ஜெல்லிமீன் ஒன்று கோளத்தில் உரசி, கோபத்தில் பச்சையாக எரியும். கணினிச் சல்லடையில் சலித்துச் சலித்து எடுத்தால் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அந்த வருடம் மிஞ்சியது நாற்பத்து மூன்று.

அவற்றை ஒரு பெரிய நோட்டில் வரிசையாக எழுதுவார்கள். ஒவ்வொன்றாக ஆராய்ந்து, புதிது இல்லை என்றால் கோடு போட்டு அடிப்பார்கள். பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் மேடம் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கும்.

‘அடிக்கிற காரணம் தண்ணீரிலிருந்து வரவேண்டும். ஆள் பெயர் காரணம் ஆகாது.’

டிசம்பர் கடைசி வெள்ளி, மாலை ஐந்து மணிக்கு நோட்டு மூடப்படும். மூடியபின் யாரும் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. அடித்தது அடித்ததுதான். மிஞ்சினால் மிஞ்சியதுதான், அது பேராசிரியர் பெயரோடு வெளியே போகும்.

பேராசிரியர் ஒன்றாவதை அடித்தார். காரணம்: மீன். இரண்டாவது, உப்பு. ஏழாவது, இரண்டு நியூட்ரினோக் கோடுகள் அடுத்தடுத்து வந்து ஒன்று போலத் தெரிந்தது. அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. பதினெட்டாவதை அடிக்க ஒரு மாதம். இதற்கு முன் அந்த நிலையத்தில் யாரும் அப்படித் தேடியதில்லை. எந்த வெளிச்சத்தின் பின்னால் மேடம் ஒளிந்திருக்கிறாரோ என்ற பயம். ஒவ்வொன்றையும் சட்டையைத் திருப்பித் தையல் பார்ப்பது போலப் பார்த்தார்.

நவம்பரில் நாற்பத்து மூன்றாவதற்கு வந்தார்.

ஆகஸ்ட் பதினேழு, மதியம் இரண்டு நாற்பது. கீழேயிருந்து ஒன்று கிளம்பியிருக்கிறது. மின்னலாக வரவேண்டிய இடத்தில் நடந்து வந்திருக்கிறது. நியூட்ரினோக் கோடு அந்தத் தொலைவை ஓடுகிற நேரத்தைப் போல ஆயிரம் மடங்கு. வழியெல்லாம் பொறி, பொறி, பொறி. நேராக. அவசரமே இல்லாமல். மேலே போய் மறைந்துவிட்டது.

எனக்கு யார் குரலையும் பேசிக் காட்ட வரும். மேடத்தின் மௌனம்கூட வரும். அந்தப் பொறி வந்த தாளத்தை மேசையில் தட்டிப் பார்த்தேன். வரவில்லை.

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார்.

“ஆகா,” என்றார். “அகப்பட்டீர்களா!”

இதுவும் அந்தச் சிரிப்பு இல்லை. பொறுங்கள்.

அவர் போட்ட கணக்கு அப்படியே உருவெடுத்து வந்திருந்தது. இருபத்தாறு வருடக் கனவு, வரைந்து வைத்தது போல. வேறு யார் இப்படி வரைவார்? தன் கட்டுரைகளை எல்லாம் படித்த ஒருவர்தான் வரைவார். மேடம் படித்திருக்கிறார். தீர்ந்தது.

இனி எப்படிச் செய்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் விளக்குகளைச் சந்தேகித்தார். கண்களைச் சோதிப்பதற்காகக் கோளங்களுக்குள் குட்டி நீல விளக்குகள் உண்டு. அவற்றை மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக எரித்தால் ஏதோ நடந்து போவது போல இருக்கும். அபுசாலி பாயைப் பிடித்தார்.

“பாய், ஆகஸ்ட் பதினேழாம் நாள் விளக்குகளை எரிக்கும்படி மேடம் தங்களிடம் கூறினார்களா?”

“இல்ல சார்!”

“மெதுவாகவே சொல்லலாம். கூறினார்களா?”

“அன்னைக்கி ஞாயித்துக்கிழமை சார்! மேடம் ஊர்லயே இல்ல! அக்கா மக நிச்சயதார்த்தத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தாங்க!”

“ஓகோ. ஊரிலேயே இல்லை.” பேராசிரியர் தலையை ஆட்டினார். “தாங்கள் உண்மையைத்தான் சொல்கிறீர்களா?”

“அல்லா மேல ஆணையா சார்!”

பேராசிரியர் தன் குறிப்பேட்டில் எழுதினார்: ‘சாட்சி உறுதியாக மறுக்கிறார். மிகச் சிறப்பாகப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கிறார். குற்றம் நடந்த நேரத்தில் மேடம் ஊரில் இல்லாதபடி முன்கூட்டியே ஏற்பாடு.’

ஆனால் விளக்கு இல்லை என்று அவரே கண்டுபிடித்தார். விளக்கு என்றால் கோடு கோளத்திலிருந்து கோளத்துக்குத் தாவவேண்டும். இந்தக் கோடு எந்தக் கோளத்தையும் தொடவில்லை. பதினான்காம் சரத்துக்கும் பதினைந்தாம் சரத்துக்கும் நடுவே, வெறும் தண்ணீரில் போயிருந்தது.

“விளக்கே இல்லாமல் செய்திருக்கிறார்!” என்று எழுதினார். ஆச்சரியக்குறி அவர் போடுவதே இல்லை. அன்று போட்டார்.

அப்படியென்றால் எண்களையே இட்டுக்கட்டித் தரவுக்குள் நுழைத்திருக்க வேண்டும். நுழைத்த இடத்தில் தையல் தெரியும். தையலைத் தேடினார்.

கோட்டை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். வளைந்திருந்தது. “இதோ தையல்!” என்று எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார். வடங்கள் கடலில் விறைத்து நிற்பதில்லை. நீரோட்டம் தள்ளினால் நாணல் மாதிரி சாயும். அன்றைக்கு வடக்கே நாலு மீட்டர் சாய்ந்திருந்தன. சாய்ந்த இடத்தில் வைத்துக் கோட்டை மறுபடி போட்டார்.

நேர்கோடு. நூல் பிடித்தது போல.

“நீரோட்டத்துக்கு ஏற்பச் சாய்த்துச் செய்திருக்கிறார்,” என்று முணுமுணுத்தார். அன்று அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அப்புறம் ஒன்பதாம் சரத்தின் ஆறாவது கோளம்.

அது ஆகஸ்ட் நடுவில் குருடாகிவிட்டது. உள்ளே ஏதோ விலகிவிட்டது. ஆனால் குருடான சங்கதி யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது வழக்கம்போல ஏதோ வெற்றுக் குறிகளை அனுப்பி முனகிக்கொண்டே இருந்தது. இருபத்தொன்பதாம் தேதி விளக்குப் போட்டுச் சோதித்தபோதுதான் அபுசாலி பாய் கண்டுபிடித்தார். பதினேழாம் தேதி போலி செய்கிற எவரும் அந்தக் கண்ணும் பார்த்ததாகத்தான் எழுதுவார். நாற்பத்து மூன்றாவது வெளிச்சம் அதன் பக்கமாகவே போயிருந்தது. அந்தக் கண் மட்டும் ஒன்றும் பார்த்திருக்கவில்லை.

பிறகு தெரிந்துகொண்டு மேடம் தரவைத் திருத்தினாரா? அந்த வாரத் தரவு வட்டு பதினெட்டாம் தேதி காலையே முத்திரை வைத்துக் கப்பலில் ஏறிவிட்டது. பேராசிரியர் கடிதம் எழுதி, அந்த வட்டின் பிரதியை வரவழைத்தார். ஒப்பிட்டார். ஓர் எண் மாறவில்லை.

யாருக்கும் தெரியாத குருடு அந்த வெளிச்சத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பேராசிரியர் ஜன்னலுக்குப் போனார். வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்களுக்கு விளங்கிவிட்டது, இல்லையா? அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நான் என்ன செய்ய. அவர் படித்தவர்.

திரும்பி வந்து எழுத ஆரம்பித்தார். முப்பத்தொரு பக்கம். தலைப்பு: ‘டாக்டர் ஜெசிந்தா அவர்களின் கைத்திறன் பற்றி’.

டிசம்பர் கடைசி வெள்ளி வந்தது. மூன்று மணிக்கு நிலையத்தின் ஒன்பது பேரும் சாப்பாட்டுக்கூடத்தில் கூடினார்கள். பெரிய நோட்டு மேசையில் விரிந்திருந்தது. நாற்பத்து இரண்டு அடிக்கப்பட்டிருந்தன. மேடம் காப்பிக் கோப்பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியர் எழுந்து வாசித்தார்.

“நண்பர்களே, என் வாழ்நாளில் நான் பார்த்த கருவிகள் பல, அறிஞர்கள் பலர். இப்படியொரு நுட்பத்தைக் கண்டதில்லை. எந்தக் கோளத்தையும் தொடாமல் ஒரு கோடு. நீரோட்டத்தோடு ஒத்துச் சாய்கிற ஒரு கோடு. நாம் யாரும் அறியாத குருட்டுக் கண்ணை அறிந்து, அதன்முன் மட்டும் அடக்கமாகக் கடந்து செல்கிற ஒரு கோடு! இதில் எங்கும் அவசரம் இல்லை. எங்கும் அலங்காரம் இல்லை. தேவைக்கு மேல் ஒரு பொறி கிடையாது. தேவைக்குக் கீழும் கிடையாது. இதைச் செய்தவர் முன் நான் தலை வணங்குகிறேன்.”

பேராசிரியர் மேடம் இருந்த பக்கம் திரும்பி, கைகூப்பி, நிஜமாகவே தலை வணங்கினார்.

மற்ற ஏழு பேரும் கை தட்டினார்கள். அபுசாலி பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் தட்டவில்லை.

“அப்போ இதையும் அடிக்கணுமா சார்?”

“ஆம். அடித்துவிட வேண்டியதுதான்.” அவர் பேனாவைத் திறந்தார். “காரணம்: டாக்டர் ஜெசிந்தா.”

“ஆள் பேரு எழுதக் கூடாது சார்.”

பேனா நின்றது.

“ஆனால் அதுதானே காரணம்?”

“தண்ணியிலருந்து ஒண்ணு சொல்லுங்க.”

பேராசிரியர் முப்பத்தொரு பக்கத்தையும் புரட்டினார். புரட்டப் புரட்ட, அடிப்பதற்கு என்று அதில் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் வணக்கம்தான். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

சுவர்க்கடிகாரத்தில் நான்கு ஐம்பத்தாறு.

குளிர்ப்பெட்டி சட்டென்று உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பேராசிரியர் துணுக்குற்றார். எந்தக் குரல் அவர் காதில் கேட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் வைத்தால் இது தன் பெயரோடு வெளியே போகும். பின்வரிசை காத்திருக்கிறது. ஒரு சொல் போதும். மீன். நாற்பத்து இரண்டில் இருபத்தேழு மீன்தான். இருபத்தெட்டாவது மீனை யார் எண்ணப் போகிறார்கள்?

பேனாவை வைத்தார். ‘மீ’ என்று எழுதினார்.

கோப்பையைப் பிடித்திருந்த மேடத்தின் விரல்கள் வெளுத்திருந்தன. காப்பியில் ஆடை படிந்தது.

நான்கு ஐம்பத்தெட்டு.

“சார், நேரம்...” என்றார் அபுசாலி பாய். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகச் சொன்னது அதுதான்.

பேராசிரியர் அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை,” என்றார். “இதை மீன் என்று எழுதினால் மீனே சிரிக்கும்.”

எழுதியதை ஒரு கோடு கிழித்து நீக்கினார். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கட்டம் காலி. பேனாவை மூடினார்.

“தண்ணீரிலிருந்து ஒரு காரணமும் இல்லை. இருக்கட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.”

ஐந்து மணி. அபுசாலி பாய் நோட்டை மூடி முத்திரை வைத்தார். அந்தமானில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் சாய்ந்துவிடும். யாரோ எழுந்து விளக்கைப் போட்டார்கள்.

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். மூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது.

“உறையை எடுங்க சார்.”

பேராசிரியர் பாதிக் காந்தத்தை நீக்கி உறையை எடுத்தார். கையெழுத்தைச் சரிபார்த்தார். கிழித்தார். தாளைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சபைக்கு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“காப்பித்தூள், ஆறு கிலோ.”

அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

“துவரம்பருப்பு, பதினொன்று. தீப்பெட்டி, இருபத்து நான்கு. சலவைச் சோப்பு, பதினைந்து. ஊறுகாய், எது கிடைக்கிறதோ.”

பின்பக்கம் திருப்பினார். ஒன்றும் இல்லை. விளக்குக்கு நேரே பிடித்தார். ஒன்றும் இல்லை.

“சங்கேதம்!” என்றார் பேராசிரியர்.

“சார்...”

“பொறுங்கள், மேடம். நான் கண்டுபிடிக்கிறேன். காப்பித்தூள் ஆறு. பருப்பு பதினொன்று. கூட்டினால் பதினேழு. பதினேழாம் தேதி! பார்த்தீர்களா!”

ஏழு பேரும் பார்த்தார்கள்.

“இனி மாதம் வேண்டும். ஆகஸ்ட், எட்டு. தீப்பெட்டி இருபத்து நான்கு. அதை மூன்றால் வகுத்தால் எட்டு! ஆகஸ்ட் பதினேழு!”

“ஏன் சார் மூணால வகுக்கணும்?” என்றார் மேடம்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

“ஏனென்றால்...” என்றார்.

இப்படி மூன்றால் வகுத்த மாணவர்கள் எத்தனை பேரை அவர் வெளியே அனுப்பியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியும்.

அப்போதுதான் கூடமே அதிர்கிற மாதிரி அபுசாலி பாய் கத்தினார்.

“யா அல்லா! பிப்ரவரியில காப்பித்தூள் வரலியே! தீப்பெட்டி வரலியே! கப்பலுக்குக் குடுக்க வேண்டிய சாமான் சீட்டு மேடம் இது! ஒரு மாசம் அந்தக் கப்பல்காரனை நான் என்ன பேச்சுப் பேசினேன்! சீட்டு இங்க தொங்கிக்கிட்டு இருந்திருக்கு!”

இப்போது சிரிக்கலாம்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். மேடம் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் தாள் இருந்தது. சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார்.

“மேடம்.”

“சொல்லுங்க சார்.”

“போலி ஒன்று வைத்திருப்பதாகத் தாங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.”

“இல்ல சார்.”

“நான்தான் சொன்னேன்.”

“ஆமா சார்.”

அவருடைய குரல் இறங்கியது. முன்னுரை எல்லாம் எங்கோ போய்விட்டது.

“நீரோட்டத்துக்குச் சாய்ஞ்சது...”

“நான் இல்ல.”

“குருட்டுக் கண்ணு...”

“நான் இல்ல சார்.”

“அப்போ அது ஒற்றைமுனையா?”

“தெரியாது. நான் இல்லைங்கிறது மட்டும்தான் தெரியும்.”

பேராசிரியர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தொரு பக்கமும் மேசையில் கிடந்தது. முதல் பக்கத்தில் தலைப்பு, அதில் டாக்டர் ஜெசிந்தா என்ற பெயர். அதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மறுபடி தலைப்பைப் பார்த்தார்.

“அப்போ நான் யாரைக் கும்பிட்டேன்?”

மேடம் அந்த அறிக்கையை எடுத்தார். ஓரங்களைத் தட்டிச் சீராக்கினார். உறையின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமாக நகர்த்தினார்.

“இதுல ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம் சார். விலாசம் மட்டும்தான் தப்பு.”